கைதிக்கும் கவர்னருக்கும் ஒரே படி

ஆஸ்திரேலியாவின் முதல் கவர்னர் ஆர்தர் பிலிப் 1738-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். இளமையிலேயே கடலுக்குப் போனவர், பிரிட்டிஷ் கடற்படையில் கேப்டனாக உயர்ந்தார்.

அமெரிக்கா விடுதலை பெற்றதும், அங்கே கைதிகளை நாடு கடத்தும் வழி பிரிட்டனுக்கு அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. ஆஸ்திரேலியாவில் கைதிக் குடியிருப்பு அமைக்கும் பொறுப்பு பிலிப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 1787 மே 13-ந் தேதி 11 கப்பல்கள் புறப்பட்டன. 700-க்கும் மேற்பட்ட கைதிகள். பெரும்பாலோர் திருட்டுக் குற்றவாளிகள். 1788 ஜனவரி 26-ந் தேதி சிட்னியில் இறங்கினார்கள்.

விதைத்தது சரியாக விளையவில்லை. கையிருப்பு கரைந்தது. 1790 மார்ச்சில் 'சிரியஸ்' கப்பலும் நார்போக் தீவில் மோதி உடைந்தது.

ஏப்ரலில் படி குறைக்கப்பட்டது. வாரத்திற்கு ஆளுக்கு 2 ராத்தல் அரிசி, இரண்டரை ராத்தல் மாவு, 2 ராத்தல் பன்றி இறைச்சி. கவர்னருக்கும் அதே அளவுதான். பிலிப் தமது சொந்த மாவையும் பொதுக் கிடங்கில் சேர்த்துவிட்டார். ஜூனில் இங்கிலாந்துக் கப்பல்கள் வந்த பிறகே நிலைமை சீரடைந்தது.

செப்டம்பரில் ஆதிவாசி ஒருவர் எறிந்த ஈட்டி பிலிப்பின் தோளில் பாய்ந்தது. பழிவாங்கக் கூடாது என்று தடுத்தார். ஆனால் டிசம்பரில் தமது வேட்டைக்காரர் ஈட்டிக்கு இலக்கானபோது, ஆதிவாசிகளைப் பிடிக்கப் படை அனுப்பினார். எவரும் சிக்கவில்லை.

உடல்நலம் குன்றி 1792 டிசம்பரில் தாயகம் திரும்பிய பிலிப், 1814-ல் பாத் நகரில் காலமானார். பட்டினியில் கைதிகளுக்குச் சமமாகப் படியளந்தவர் அவர். மண்ணை இழந்த ஆதிவாசிகளுக்கோ அந்த நீதி கிடைக்கவில்லை.