13 நாள் விடுப்பில் ஒரு மருத்துவர்: காதம்பினி கங்கூலியின் கதை

1888 பெப்ரவரியில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் தன் நண்பர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நவீன தாதியியலின் முன்னோடியான அவர், கல்கத்தாவில் மருத்துவம் படிக்கும் ஓர் இளம் பெண்ணைப் பற்றி அதில் விசாரித்திருந்தார். மருத்துவராவது என்று முடிவெடுத்த பிறகே அந்தப் பெண் திருமணம் செய்திருந்தார். படிப்புக்கு நடுவே பிள்ளையும் பெற்றிருந்தார். பிரசவத்துக்காக அவர் கல்லூரிக்குப் போகாமலிருந்தது 13 நாட்கள் மட்டுமே என்பது நைட்டிங்கேலை வியப்பில் ஆழ்த்தியிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் காதம்பினி கங்கூலி. தெற்காசியாவில் மேலைத்தேய மருத்துவம் கற்றுத் தொழில் புரிந்த முதல் பெண்களில் ஒருவர். அவருடைய வாழ்க்கையை முதற் பட்டதாரி, முதல் மருத்துவர் என்று முதலிடங்களின் பட்டியலாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் எட்டுப் பிள்ளைகள் வளர்ந்த ஒரு வீடும் இருந்தது.

ஒரு மாதத்தில் இரண்டு முடிவுகள்

காதம்பினி 1861 இல் பிகாரின் பகல்பூரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய பங்களாதேசின் பரிசால் பகுதி. தந்தை பிரஜ கிஷோர் பாசு ஒரு தலைமை ஆசிரியர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த அவர் பெண்கல்வியில் பற்றுக் கொண்டவர். பெண்பிள்ளைகளைப் பத்து வயதிலேயே மணமுடித்து அனுப்பிய காலத்தில் மகளைப் படிக்க வைத்தார்.

கல்கத்தாவின் பங்க மகிளா வித்தியாலயத்திலும், அது பின்னர் இணைக்கப்பட்ட பெத்யூன் நிறுவனத்திலும் காதம்பினி படித்தார். 1878 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினார். 1883 இல் அவரும் சந்திரமுகி பாசுவும் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். இந்தியாவின் முதல் இரண்டு பெண் பட்டதாரிகள் இவர்களே.

அதே ஆண்டு யூன் மாதத்தில் அவருடைய வாழ்க்கையில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. அவர் துவாரகநாத் கங்கூலியை மணந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் அனுமதி பெற்றார்.

துவாரகநாத் அவருடைய ஆசிரியராக இருந்தவர். மனைவியை இழந்தவர், வயது 39, பிள்ளைகளும் இருந்தனர். காதம்பினிக்கு 21 வயது. பெண்விடுதலைக்காகப் பேசிய பிரம்ம சமாஜ நண்பர்களில் சிலருக்கே இந்தத் திருமணம் பிடிக்கவில்லை. ஆனால் பெண்களின் உரிமைக்காக 1869 இலேயே அபலாபாந்தவ் என்ற இதழைத் தொடங்கிய துவாரகநாத், சொன்னதை வீட்டுக்குள்ளும் செய்து காட்டினார். மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்க நடந்த போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் கதவு சும்மா திறக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தா மறுத்ததால்தான் அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் மருத்துவம் படிக்கச் சென்னை வரை போக நேர்ந்தது. விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போசைப் பின்னாளில் மணந்தவர் இவரே. கல்கத்தாவில் பேராசிரியர்கள் பலர் எதிர்த்தபோதும், வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் தலையிட்ட பிறகே காதம்பினிக்கு இடம் கிடைத்தது. மாதம் 20 ரூபாய் உதவித்தொகையும் வழங்கப்பட்டது.

தேர்வு மண்டபத்திலும் வீட்டிலும்

வீட்டில் முதல் மணத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் மகள் விதுமுகி ஏறக்குறைய வளர்ந்த பெண். மகன் சதீஷ் நோயாளி. தாயில்லாத பிள்ளைகளுக்குத் தாயாகவும், பிரேத பரிசோதனை அறையில் ஒரேயொரு பெண் மாணவியாகவும் காதம்பினி ஒரே காலத்தில் பழகவேண்டியிருந்தது. தம் சொந்தப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாகப் பிறந்தார்கள்.

13 நாள் விடுப்பு என்ற செய்தியை வீரக்கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு மேல் விடுப்பு எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். பெண்ணுக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது என்று நிரூபிக்கக் காத்திருந்தவர்கள் கல்லூரிக்குள்ளேயே இருந்தார்கள். ஒரு விரிவுரையைத் தவறவிட்டாலும் அது அவர் ஒருவரின் தவறாகக் கணக்கிடப்பட்டிருக்காது, எல்லாப் பெண்களின் தவறாகவே கணக்கிடப்பட்டிருக்கும். பச்சை உடம்போடு வகுப்பில் போய் உட்கார்ந்ததில் அவருடைய மனத்திடம் தெரிகிறது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதும் தெரிகிறது.

அப்படியிருந்தும் இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் மிகச் சிறிய வித்தியாசத்தில் அவர் தவறவிடப்பட்டார். பெண்கள் மருத்துவம் படிப்பதை வெளிப்படையாக எதிர்த்த பேராசிரியர் ஒருவரே அந்தப் பாடத்தின் தேர்வாளர் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். எம்.பி. பட்டம் கைநழுவியது. அதற்குப் பதிலாக வங்காள மருத்துவக் கல்லூரிப் பட்டதாரி என்ற தகுதி வழங்கப்பட்டது. அவர் அதைப் பெற்ற ஆண்டு 1886 என்றே நூல்கள் பொதுவாகப் பதிவு செய்கின்றன. தொழில் செய்ய அது போதும். ஆனால் அந்தக் குறை பல ஆண்டுகள் அவரைத் துரத்தியது.

வார்டும் வசையும்

1888 இல் லேடி டஃபரின் மகளிர் வைத்தியசாலையில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் நியமனம் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனால் வைத்தியசாலைக்குள் அதிகாரம் ஐரோப்பியப் பெண் மருத்துவர்களின் கையில் இருந்தது. சுதேசிப் பெண்ணான, பிரித்தானியப் பட்டம் இல்லாத காதம்பினிக்கு அங்கே சமமான இடம் இருக்கவில்லை.

வெளியே நிலைமை இன்னும் மோசம். செல்வந்தர் வீடொன்றில் சிக்கலான பிரசவம் பார்த்துத் தாயையும் சேயையும் காப்பாற்றிய பிறகு, வேலைக்காரர்களோடு வராந்தாவில் இருந்து சாப்பிடச் சொன்னார்கள் என்றும், சாப்பிட்ட இடத்தைத் துப்புரவாக்கச் சொன்னார்கள் என்றும் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. அந்த வீட்டாரைப் பொறுத்தவரை பிரசவம் பார்க்க வருபவள் மருத்துவிச்சி, அவள் தீட்டானவள். அவள் கையில் எந்தப் பட்டம் இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

1891 இல் பங்கபாசி என்ற வங்காள வார இதழ் அவருடைய ஒழுக்கத்தையே இழிவுபடுத்தி எழுதியது. இரவில் நோயாளியைப் பார்க்கப் போகிறாள், கூட்டங்களுக்குப் போகிறாள், இவள் எப்படிக் குடும்பப் பெண்ணாவாள் என்பதுதான் அந்த எழுத்தின் சாரம். அப்போது அவர் பல பிள்ளைகளின் தாய். கங்கூலி தம்பதியர் பேசாமல் இருந்துவிடவில்லை. நீதிமன்றம் போனார்கள். இதழின் ஆசிரியர் மகேஷ் சந்திர பாலுக்கு ஆறு மாதச் சிறையும் 100 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. வேலைக்குப் போகும் பெண்ணின் நடத்தையை அச்சில் தூற்றுவதற்கு விலை உண்டு என்று 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தாய் வழக்காடிக் காட்டினார். இதே தூற்றல் இன்று கைத்தொலைபேசித் திரைக்கு இடம் மாறியிருக்கிறது. அதை எதிர்த்து வழக்குப் போடுகிறவர்கள் இன்றும் குறைவுதான்.

கடலுக்கு அப்பால், பிள்ளைகள் வீட்டில்

தகுதிக் குறையைத் தீர்க்க ஒரே வழி பிரித்தானியா போவது. 1893 இல் காதம்பினி கப்பலேறினார். கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டாத பிள்ளையும் வீட்டில் இருந்தது. அதே ஆண்டிலேயே ஸ்கொட்லாந்தின் மூன்று மருத்துவத் தகுதிகளையும் ஒருங்கே பெற்று அவர் நாடு திரும்பினார்.

அவர் இல்லாத மாதங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் விதுமுகி, முதல் மணத்து மகள். விதுமுகியின் கணவர் எழுத்தாளர் உபேந்திரகிஷோர் ராய். இவர்களுடைய மகன் சுகுமார் ராய், பேரன் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய். இரண்டு குடும்பங்களும் கோர்ன்வாலிஸ் வீதியில் 13 ஆம் இலக்க வீட்டில் கூட்டாக வாழ்ந்தன. தனக்கும் பிள்ளைகள் இருக்க, சிற்றன்னையின் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்த அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் பட்டமளிப்புப் பதிவேட்டிலும் இல்லை. காதம்பினியின் ஸ்கொட்லாந்துச் சான்றிதழில் விதுமுகிக்கும் ஒரு பங்கு உண்டு.

தாய் திரும்பி வந்தபோது கடைசிப் பிள்ளை அவரை அடையாளம் காணாமல் ஒதுங்கியது என்று குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது. கடமைக்காகப் பிள்ளையைப் பிரிந்த தாய்மாரை நமது ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதைக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை.

குதிரை வண்டியில் ஓடிய ஊசி

திரும்பிய பிறகு அவருடைய தொழில் வளர்ந்தது. நேபாள அரச குடும்பத்திலிருந்தும் சிகிச்சைக்கு அழைப்பு வந்தது. விதுமுகியின் மகள் புண்யலதா சக்ரவர்த்தி தன் சிறுவயது நினைவுகளில் அவரைப் பற்றி ஒரு காட்சியைப் பதிந்துள்ளார். நோயாளியின் வீட்டுக்குக் குதிரை வண்டியில் போகும் நேரமெல்லாம் காதம்பினியின் விரல்கள் மெல்லிய லேஸ் பின்னிக்கொண்டே இருக்குமாம். அவருக்குக் கிடைத்த ஓய்வு அந்த வண்டிப் பயணம் மட்டும்தான். அதையும் அவர் வீணாக்கவில்லை.

பொதுவாழ்வையும் அவர் விடவில்லை. 1889 இல் பம்பாயில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்ற முதல் பெண் பிரதிநிதிகளில் அவர் ஒருவர். கணவர் துவாரகநாத் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு நேரில் போய், கூலித் தொழிலாளர் அடிமைகள் போல நடத்தப்படுவதைப் பத்திரிகைகளில் அம்பலப்படுத்தியவர். மலையகத்தின் வரலாறு தெரிந்த நமக்கு அந்த எழுத்தின் பெறுமதி விளங்கும். 1898 இல் துவாரகநாத் காலமானார். இளைய பிள்ளைகள் இன்னும் வளர்ந்திருக்கவில்லை. அடுத்த 25 ஆண்டுகள் குடும்பம் அவருடைய மருத்துவ வருமானத்திலேயே ஓடியது. 1922 இல், 60 வயதைத் தாண்டிய நிலையிலும், கவிஞர் காமினி ராயுடன் சேர்ந்து பிகார், ஒரிசாச் சுரங்கங்களில் வேலை செய்த பெண் தொழிலாளரின் நிலையை ஆராயப் போனார்.

1923 ஒக்டோபர் 3 ஆம் திகதி ஒரு சத்திரசிகிச்சையை முடித்துவிட்டு வீடு திரும்பினார். அன்றே மாரடைப்பால் இறந்தார்.

யார் தருகிறார்கள் அந்த நேரத்தை?

இன்று நமது மருத்துவ பீடங்களில் பெண் மாணவிகளைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. ஆனால் உள்ளகப் பயிற்சிக் காலத்தில் இரவுக் கடமைக்குப் போகும் ஓர் இளம் தாயிடம் பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று இன்னும் கேட்கிறார்கள். அதே விடுதியில் அதே கடமையைச் செய்யும் இளம் தந்தையிடம் அதை யாரும் கேட்பதில்லை.

காதம்பினியைப் போல எல்லோரும் இருக்க வேண்டும் என்று சொல்வது சுலபம், ஆனால் நியாயமில்லை. அவருக்குத் தோள்கொடுத்த கணவர் இருந்தார். பிள்ளைகளை ஏந்திய விதுமுகி இருந்தார். ஒரே கூரையின் கீழ் ஒரு பெரிய குடும்பம் இருந்தது. இந்த மூன்றும் இல்லாத ஒரு மாணவிக்கு, வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஒரு நல்ல குழந்தை பராமரிப்பு நிலையமும், மனிதத்தன்மையுள்ள கடமை நேர அட்டவணையும், பிரசவ விடுப்பால் பின்தள்ளப்படாத பயிற்சி முறையும்தான் அந்த இடத்தை நிரப்ப முடியும்.

13 நாள் விடுப்பு அவருடைய காலம் அவரிடமிருந்து அறவிட்ட கட்டணம். அதே கட்டணத்தை இன்னொரு பெண்ணிடம் கேட்காதிருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.