வலிக்குச் செவிகொடுத்த சத்திரசிகிச்சையாளர்

போரில் காயமுற்றவனின் உயிரைக் காக்க அவனை மேலும் வதைத்தே ஆகவேண்டும் என வைத்திய உலகம் நம்பியிருந்த காலம் ஒன்றிருந்தது. அந்நம்பிக்கையைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் பிரான்ஸ் நாட்டின் அம்புருவாஸ் பாரே.

1510 அளவில் லாவல் நகருக்கு அண்மையில் பிறந்த இவர் பல்கலைக்கழகம் சென்றவரல்லர். சவரத் தொழிலாளரே காயங்களுக்கும் சிகிச்சையளித்த அக்காலத்தில் அத்தொழிலைப் பயின்று, பாரிஸ் வைத்தியசாலையொன்றில் அனுபவம் பெற்று, பின்னர் படையினருடன் சென்றார்.

துப்பாக்கிச் சூட்டுக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு கலந்துவிடும் எனக் கருதிய அக்கால வைத்தியர்கள், அதனுள் கொதிக்கும் எண்ணெயை ஊற்றி வந்தனர். 1537இல் தூரின் படையெடுப்பின்போது பாரேயிடமிருந்த எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியின்றி முட்டை மஞ்சட்கரு, ரோஜா எண்ணெய், டேர்ப்பன்டைன் ஆகியவற்றைக் கலந்து பூசினார். நஞ்சேறி அவர்கள் இறந்துவிடுவரோ என்ற அச்சத்தில் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. அதிகாலையில் சென்று பார்த்தபோது, களிம்பு பூசப்பட்டோர் அதிக வலியின்றி உறங்கியிருந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டோரோ காய்ச்சலுடனும் வீக்கத்துடனும் துடித்துக்கொண்டிருந்தனர். அக்கொடிய முறையை அவர் அத்துடன் கைவிட்டார். தாம் கண்டதை 1545இல் நூலாக்கியபோது, படித்தோரின் லத்தீனில் அன்றி மக்கள் பேசிய பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார்.

அவயவத்தைத் துண்டித்தபின் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் சுட்டு இரத்தத்தை நிறுத்துவதும் அன்றைய வழக்கம். 1552இல் பாரே அதற்குப் பதிலாக இரத்தக் குழாய்களை நூலினால் கட்டினார். கொர்டோபாவின் முஸ்லிம் சத்திரசிகிச்சை மேதை அல் ஸஹ்ராவி பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விவரித்திருந்த முறை இது.

சத்திரசிகிச்சையுடன் தமது பணி முடிந்ததாக அவர் கருதவில்லை. துண்டிக்கப்பட்ட கால் இன்னமும் வலிக்கிறது என நோயாளர் முறையிட்டபோது, அதை அலட்சியம் செய்யாது பதிவு செய்தார். பூட்டுச் செய்யும் கைவினைஞர் ஒருவரின் துணையுடன் முழங்காலில் மடங்கும் செயற்கைக் காலையும் விரல்கள் அசையும் இரும்புக் கையையும் வடிவமைத்தார். வறியோருக்கென எளிய மரக்காலின் வரைபடத்தையும் தமது நூலிற் சேர்த்தார்.

மன்னர்கள் நால்வருக்குச் சேவையாற்றியபோதிலும் பாரிஸ் வைத்திய பீடத்தின் எதிர்ப்பு அவரைத் தொடர்ந்தது. 1590 டிசம்பரில் அவர் காலமானார்.

யுத்தம் 2009இல் முடிவுற்றபோதிலும் அதில் அவயவங்களை இழந்தோர் நம் மத்தியில் வாழ்கின்றனர். நீரிழிவினால் காலை இழப்போரும் உளர். இல்லாத காலில் வலி என ஒருவர் கூறுவாராயின் அது மனப்பிரமையன்று; நரம்புகளும் மூளையும் உண்மையாகவே உணர்த்தும் வேதனை. அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நமது கடமை. செயற்கைக் காலும் ஒருமுறை வழங்கியதுடன் முடிந்துவிடும் உதவியன்று. அது தேயும், பொருத்தப்பட்ட இடமும் காலப்போக்கில் மாறும். வலி என்று சொல்பவரை முதலில் நம்பவேண்டும் என்பதே பாரேயின் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடமாகும்.