அம்மாவின் மறதியும் ஒரு ஜெர்மன் டாக்டரும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு போன் செய்தபோது, ஹாஸ்டல் கதை ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸை விட்டது, மெஸ் சாம்பார், ஆண்டு விழா நாடகம் என்று நமக்குக் கதைக்கா பஞ்சம்? ஆனால் பேனாவை எடுத்ததும் மனசு வேறு பக்கம் போய்விட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன ஒரு ஜெர்மன் டாக்டரைப் பற்றி எழுதப் போகிறேன். இவனுக்கு என்ன ஆச்சு என்று வகுப்புத் தோழர்கள் சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் விலங்கியல் மாணவன். ஊர் திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. பருத்தி எடுத்தும் மிளகாய்ப் பழம் பறித்தும்தான் என்னைப் படிக்க வைத்தாள். 2011 வாக்கில் அவளுக்கு மறதி வந்தது. குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டாள். ஆட்டைக் கட்ட மறந்தாள். ஒருநாள் கண்மாய்க் கரையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். சுருக்குப் பையை அவளே அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டாள். வயசானா அப்படித்தான் என்றது ஊர். நானோ, வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துத் திட்டினேன். அதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

பிறகுதான் அல்ஜைமர் நோய் என்ற பெயர் காதில் விழுந்தது. அல்ஜைமர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அலோயிஸ் அல்ஜைமர் 1864 ஜூன் 14 அன்று ஜெர்மனியின் பவேரியா பகுதியில் மார்க்ட்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா நோட்டரி. பெர்லின், டூபிங்கன், வூர்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் மருத்துவம் படித்து 1887-இல் பட்டம் பெற்றார். பட்டத்துக்கு அவர் செய்த ஆராய்ச்சி காதில் குரும்பி சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. மூளைக்கும் அவருக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்காத பழக்கம் அன்றே வந்துவிட்டது.

1888-இல் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயக்குநர் சியோலி. அடுத்த வருஷம் வந்து சேர்ந்தவர் பிரான்ஸ் நிஸ்ல். நரம்புச் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தவர் இவர். வெங்காயத் தோலுக்கு சாஃப்ரனின் போட்டுப் பார்த்து நாம் துள்ளிக் குதித்தது ஞாபகம் இருக்கிறதா? அதே வித்தைதான். பகலில் நோயாளிகள், ராத்திரியில் கண்ணாடிச் சில்லுகள் என்று இருவரும் உழைத்தார்கள். நோயாளிகளைக் கட்டிப் போடக் கூடாது என்பது அந்த மருத்துவமனையின் கொள்கை. பித்துப் பிடித்தவர்களைக் கட்டிப் போடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்த காலம் அது. அங்கே வெந்நீர்த் தொட்டியில் வெகுநேரம் உட்கார வைத்து அமைதிப்படுத்தினார்கள்.

செசிலி என்ற வசதியுள்ள விதவைப் பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள். 1901-இல் செசிலி இறந்துபோனார். குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை அவருடைய தங்கை ஏற்றுக்கொண்டார். துக்கத்தை வேலையில் கரைக்கிற ஆண்கள் நம்ம ஊரிலும் உண்டு, இவரும் அந்த ரகம்.

அதே வருஷம் நவம்பர் 25 அன்று ஆகஸ்தே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியை அவர் கணவர் மருத்துவமனையில் சேர்த்தார். முதலில் கணவர் மேல் காரணமில்லாத சந்தேகம். அப்புறம் மறதி. வீட்டுச் சாமான்களை இங்கும் அங்கும் இழுத்து ஒளித்து வைப்பார். இதைப் படித்தபோது என் கண்முன்னே அரிசிப் பானைதான் வந்தது. கடல் தாண்டி, நூறு வருஷம் தள்ளி, அதே வியாதி.

அல்ஜைமர் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பேர் என்ன, கணவர் பேர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை அப்படியே குறித்துக்கொண்டார். பேனா, சாவி, சுருட்டு என்று பொருள்களைக் காட்டினார். சரியாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் எதைக் காட்டினார் என்பதே நினைவில்லை. தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். பைத்தியம் என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு சாதாரணக் குடும்பப் பெண்ணின் தடுமாற்றத்தைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். இன்றைய மறதிநோய் ஆராய்ச்சிக்கு அந்தப் பக்கங்கள்தான் தொடக்கம்.

1903-இல் ஹைடல்பெர்க் வழியாக மியூனிக் போய், புகழ்பெற்ற கிரேப்பலின் தலைமையில் மூளைத் திசு ஆய்வுக்கூடத்தை நடத்தினார். ஆரம்பத்தில் சம்பளமில்லாமலே வேலை பார்த்தார். நல்ல வாத்தியார். ஒவ்வொரு மாணவரின் மைக்ராஸ்கோப்பிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போவாராம், மேசைக்கு மேசை பாதிச் சுருட்டு அணையாமல் கிடக்குமாம். லூவி, குரோய்ட்ஸ்ஃபெல்ட், யாக்கோப் என்று இன்று மூளை நோய்களுக்குப் பெயராகிவிட்ட பலர் அவரிடம் பயின்றவர்கள்.

ஊர் மாறினாலும் ஆகஸ்தேயை அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8 அன்று அந்த அம்மாள் இறந்ததும், மூளையையும் நோய்க் குறிப்பையும் மியூனிக்குக்கு வரவழைத்தார். வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். மூளையின் புறணி மெலிந்திருந்தது. செல்களுக்குள் நூல்கள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. வெளியே படிந்தது அமிலாய்டு, உள்ளே சிக்கியது டௌ என்ற புரதம் என்று விஞ்ஞானிகள் அடையாளம் கண்டது 1980-களில்தான்.

1906 நவம்பரில் டூபிங்கனில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் படங்களோடு விளக்கினார். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. தலைவர் அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார். செமினாரில் கஷ்டப்பட்டுப் பேசிவிட்டு, யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று முகம் வாடும் தம்பி தங்கைகள் இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறு வருஷம் அந்த உரை அச்சில் வந்தது. 1910-இல் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்ஜைமர் நோய் என்று பெயர் வைத்தார்.

1912-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. பதவி ஏற்கப் போகும்போதே ரயிலில் நோய்வாய்ப்பட்டார். இதயம் தேறவே இல்லை. 1915 டிசம்பர் 19 அன்று காலமானார். வயது 51. ஆகஸ்தே அவரிடம் வந்து சேர்ந்த அதே வயது. பிராங்பர்ட்டில் மனைவியின் அருகில் அடக்கம் செய்தார்கள். காணாமல் போயிருந்த ஆகஸ்தேயின் நோய்க் கோப்பு 80 வருஷம் கழித்து, 1995-இல் பிராங்பர்ட் மருத்துவமனையிலேயே கிடைத்தது.

அவர் தொடங்கிய அந்தக் கேள்வி-பதில் நம் மண்ணுக்கு வந்தபோது ஒரு சிக்கல். என் அம்மாவை ஒரு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்றார்கள். பென்சிலே பிடிக்காத கைக்கு ஐங்கோணம் எப்படி வரும்? நல்லா இருந்த காலத்திலும் அவளுக்கு இங்கிலீஷ் தேதி தெரியாது, ஆடியா ஆவணியா என்றுதான் தெரியும். அந்தப் பரீட்சையில் எங்கள் தெருவே ஃபெயிலாகும்.

இந்தச் சிக்கலை ஏற்கெனவே யோசித்தவர்கள் இருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1998-இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் பத்து-அறுபத்தாறு என்ற உலக ஆய்வுக் குழு உருவானது. மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், மக்களிடையே நடந்த ஆராய்ச்சியில் 10 சதவீதத்துக்கும் குறைவே அங்கே நடந்தது. பெயருக்கு அதுதான் காரணம். சென்னையிலும் வேலூரைச் சுற்றிய கிராமங்களிலும் அவர்கள் ஆய்வு செய்தார்கள். பெரியவரிடம் மட்டும் கேட்காமல், முன்பு செய்த வேலையை இப்போது செய்கிறாரா, வழி தவறுகிறாரா என்று வீட்டாரிடமும் கேட்டார்கள். படிக்காதவருக்கும் பொருந்தும் சோதனை அப்படித்தான் உருவானது. 2023-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வு, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை, படிப்பில்லாமை ஆகியவை இந்த நோய்க்கு வழிவிடுகின்றன என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தைராய்டு, பி12 குறைவால் வரும் மறதிக்கு வைத்தியம் உண்டு. ஆகவே வயசுதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மா 2017-இல் போய்விட்டாள். கடைசி இரண்டு வருஷம் என் பேர் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கூடைப் பருத்தியை முன்னால் வைத்தால், தூசி நீக்கி, கொட்டை தனி பஞ்சு தனியாகப் பிரித்துக்கொண்டே இருப்பாள். அந்த நேரம் முகம் தெளிவாக இருக்கும். திட்டுவதை நான் நிறுத்திய பிறகுதான் அதைக் கவனித்தேன்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். கேட்டதையே திரும்பக் கேட்டால், மறுபடியும் பதில் சொல்லுங்கள். அல்ஜைமர் செய்த முதல் வேலையும் பக்கத்தில் உட்கார்ந்ததுதான்.