காரைக்காலில் கற்ற தமிழைப் பாரிஸில் கற்பித்தவர்

பிழைப்புத் தேடி ஏர்பேடு பக்கம் வந்த தமிழர் வீட்டுப் பிள்ளைகள், அக்கம்பக்கத்தில் கேட்டே தெலுங்கைப் பழகிக்கொள்கிறார்கள். அவர்களைப் போலவே, தகப்பனாரின் உத்தியோகத்தால் அயலூரில் வளர்ந்து அவ்வூர் மொழியைக் கற்றவர் ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கற்ற மொழி நம் தமிழ்.

1843ஆம் ஆண்டு பாரிஸில் பிறந்த வின்சோன், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் வளர்ந்தார். தாய்நாடு திரும்பியதும் நான்சி நகர் வனக் கல்லூரியில் தேறிக் காட்டிலாகா அதிகாரியானார். சம்பளம் தந்த வேலைக்கும் தமிழுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் இளமையில் கற்றதை அவர் கைவிடவில்லை. பணிபுரிந்த தென்மேற்குச் சீமையின் பாஸ்கு மொழியையும் ஆராய்ந்து பெயர் பெற்றார்.

பாரிஸில் 1795இல் நிறுவப்பட்ட கீழை மொழிப் பள்ளியில் இந்துஸ்தானி போதித்துவந்த கார்சன் த தாசி 1878இல் காலமானார். மறு ஆண்டே இந்துஸ்தானியோடு தமிழும் கற்பிக்கும் பொறுப்பு வின்சோனிடம் வந்தது. காட்டிலாகா அதிகாரி மொழி ஆசானானார். பின்னர் பேராசிரியராகவும் உயர்ந்தார்.

வகுப்பு நிலைக்கவேண்டுமானால் நூல்கள் வேண்டும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து பல பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்து 1894இல் வெளியிட்டார். தூப்ளே காலத்து வரலாற்றைத் தமிழர் ஒருவரின் எழுத்து வழியே பிரெஞ்சுக்காரர் படிக்க நேர்ந்தது. இலக்கணம், வாசகப் பாடங்கள், சொற்பட்டியல் மூன்றும் அடங்கிய தமிழ்க் கையேட்டை 1903இல் அச்சிட்டார்.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பிறகு, வின்சோன் அவருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். கும்பகோணம் கல்லூரி ஆசிரியரும் பாரிஸ் பேராசிரியரும் ஏட்டுச் சுவடிகளைப் பற்றிக் கலந்துகொண்டனர். பாரிஸ் நூலகத்தில் உறங்கிய தமிழ் ஏடுகளின் செய்தி கும்பகோணத்துக்கு எட்டியது.

வின்சோன் 1926இல் மறைந்தார். அவர் பணிபுரிந்த பள்ளி இன்று வேறு பெயரில் உயர்கல்வி நிறுவனமாக விளங்குகிறது. அங்கே தமிழ் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

வந்த ஊரின் மொழியைக் கற்பதால் தாய்மொழிக்குக் குறைவு நேர்வதில்லை. வின்சோன் பிரெஞ்சை விட்டுத் தமிழுக்கு வந்தவர் அல்லர். இரண்டையும் ஒரே வகுப்பில் அமர்த்தியவர்.