மொழிவாயில் திறந்த கொமேனியஸ்

நுழையும்முன்

தாய்மொழி செவிவழி வந்து சேர்கிறது. பிறமொழி பெரும்பாலும் நூல்வழியே வந்து சேர்கிறது. அந்நூல் மாணவருக்குப் புரியாத சுமையானால், மொழியின் மீதே வெறுப்புத் தோன்றும். இந்நிலையை மாற்றப் பாடநூலின் வடிவத்தையே மாற்றியமைத்தவர், செக் நாட்டுக் கல்வியாளர் யான் ஆமோஸ் கொமேனியஸ்.

காலம் தாழ்ந்த கல்வி

கொமேனியஸ் 1592ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மொராவியாவில் பிறந்தார். அப்பகுதி இன்று செக் குடியரசில் உள்ளது. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், பதினாறு வயதில்தான் இலத்தீன் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் உயர்கல்விக்குரிய மொழி இலத்தீனே. எனினும், அது எந்த மாணவருக்கும் வீட்டுமொழி அன்று. மாணவர்கள் பொருள் அறியாமலே இலக்கண விதிகளை நெட்டுருச் செய்தனர். தவறியோர் பிரம்படி பெற்றனர். உடன் பயின்ற சிறுவர்களைவிட வயதில் மூத்தவராக இருந்ததால், கொமேனியஸ் இம்முறையின் குறைகளைத் தெளிவாக உணர்ந்தார். குறை மாணவரிடம் இல்லை, கற்பிக்கும் முறையில்தான் உள்ளது என்ற முடிவுக்கு வந்தார்.

இழப்பும் இடப்பெயர்வும்

ஹெர்போர்ன், ஹைடல்பெர்க் ஆகிய ஊர்களில் உயர்கல்வி பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், சமயப் பணியும் ஆசிரியப் பணியும் ஆற்றினார். 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் அவருடைய வாழ்வைச் சிதைத்தது. அவர் சார்ந்திருந்த சமயப் பிரிவு ஒடுக்கப்பட்டது. கொள்ளைநோய்க்கு மனைவியையும் இரு குழந்தைகளையும் பறிகொடுத்தார். அவருடைய நூல்கள் எரிக்கப்பட்டன. 1628இல் தம் மக்களோடு போலந்தின் லெஷ்னோ நகருக்கு ஏதிலியாகச் சென்றார். அதன்பின் தாயகத்தில் வாழும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவே இல்லை.

திறக்கப்பட்ட வாயில்

லெஷ்னோ பள்ளியில் கற்பித்தபோது, 1631இல் அவர் வெளியிட்ட நூல் 'ஜானுவா லிங்குவாரும் ரெசெராட்டா'. மொழிகளின் திறக்கப்பட்ட வாயில் என்பது அதன் பொருள். அடிப்படைச் சொற்கள் ஏறத்தாழ 8,000 தேர்ந்து, அவற்றை 1,000 தொடர்களாக்கி, 100 இயல்களில் அமைத்தார். நெருப்பு, நீர், பயிர், விலங்கு, மனித உடல், தொழில்கள் என உலகப் பொருள்கள் அனைத்தும் அந்நூலில் வரிசையாக இடம்பெற்றன. மாணவர் இலத்தீனைக் கற்கும்போதே உலகையும் கற்றனர். தொடக்கத்தில் எளிய சிறு தொடர்களும், போகப்போக நீண்ட தொடர்களும் வந்தன. பக்கத்தில் தாய்மொழி வடிவமும் தரப்பட்டதால், அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லும் வழி மாணவருக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இந்நூல் பெயர்க்கப்பட்டது. இதனினும் எளிய தொடக்கநூல் ஒன்று தேவை என உணர்ந்த அவர், 1633இல் அதனையும் எழுதி அளித்தார்.

மேடையேறிய பாடம்

இங்கிலாந்து, சுவீடன் ஆகிய நாடுகள் அவரை அழைத்துப் பெருமைப்படுத்தின. 1650இல் ஹங்கேரியின் சாரோஸ்படாக் நகரப் பள்ளியைச் சீரமைக்கச் சென்றார். அங்கு மாணவரிடம் இலத்தீன் ஆர்வம் குன்றியிருந்தது. எனவே தம் பாடநூலின் செய்திகளை எட்டு நாடகங்களாக்கி, மாணவரையே நடிக்கச் செய்தார். ஏட்டில் கிடந்த அயன்மொழிச் சொற்கள் அவர்கள் நாவில் பேச்சாக ஒலித்தன. கூச்சமும் சோர்வும் அகன்றன.

சிறுவர்க்கெனப் படநூல் ஒன்றையும் அங்கேயே எழுதினார். பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் கற்பது பயன் தராது என்பது அவரது கொள்கை. பொருள்களையெல்லாம் வகுப்பறைக்குக் கொணர இயலாதாகையால், அவற்றின் படங்களைக் கொணர எண்ணினார். ஆனால், படங்களைச் செதுக்கத் தக்க கலைஞர் அங்கு இல்லாமையால் அந்நூல் காத்திருக்க நேர்ந்தது.

தீக்கிரையான உழைப்பு

1654இல் கொமேனியஸ் லெஷ்னோவுக்குத் திரும்பினார். போலந்துக்கும் சுவீடனுக்கும் இடையே நிகழ்ந்த போரில் 1656இல் அந்நகரம் எரிந்தது. அவருடைய வீடும் நூலகமும் அழிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தொகுத்துவந்த செக் மொழி அகராதியின் கையெழுத்துப் படியும் சாம்பலாயிற்று. பிறர் பிள்ளைகள் அயன்மொழி கற்க வழிகண்ட அவர், தம் தாய்மொழிக்கெனச் சேர்த்த செல்வத்தை இழந்தார். அவ்விழப்பை இறுதிவரை எண்ணி வருந்தினார். ஆயினும் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் புகலிடம் பெற்றுப் பணியைத் தொடர்ந்தார்.

காணும் உலகு படங்களில்

இரண்டே ஆண்டுகளில், 1658இல், காத்திருந்த படநூல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வெளிவந்தது. அதுவே 'ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்'. புலன்களால் அறியும் உலகைப் படங்களில் காட்டும் நூல் என்பது பொருள். அதில் 150 பாடங்கள் இருந்தன. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் மரச்செதுக்குப் படம் ஒன்று. அதன் கீழே இலத்தீனிலும் ஜெர்மனிலும் விளக்கம். படத்திலுள்ள பொருளுக்கும் பாடத்திலுள்ள சொல்லுக்கும் ஒரே எண் இடப்பட்டது. குழந்தை எண்ணைப் பார்த்துப் பொருளையும் பெயரையும் தானே இணைத்துக்கொள்ளும். ரொட்டி சுடுதல், நெசவு, அச்சகம், பள்ளிக்கூடம் என அன்றாட வாழ்க்கை அந்நூலில் விரிந்தது. எழுத்துகளும் உயிரினங்களின் ஒலிகளோடு அறிமுகமாயின. காகத்தின் கரைதல் முதலெழுத்தைக் கற்பித்தது. பள்ளி செல்லும் முன்பே குழந்தைகள் வீட்டில் இந்நூலைப் புரட்டிப் படம் பார்த்து மகிழவேண்டும் என அவர் விரும்பினார்.

மறுஆண்டே ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் பல நாட்டுக் குழந்தைகள் இதனைப் பயின்றனர். ஜெர்மானியக் கவிஞர் கெதேயும் இளமையில் இதனைப் படித்தவரே.

நிலைத்த பெயர்

கொமேனியஸ் 1670ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் மறைந்தார். நெதர்லாந்தின் நார்டன் நகரில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பிறந்த மார்ச் 28ஆம் நாளைச் செக் மக்கள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். ஏழையர், செல்வர், ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி அனைவரும் கற்கவேண்டும் என வாதிட்டவர் அவர். இன்று பிறமொழிப் பாடநூலொன்றைத் திறக்கும் குழந்தை முதலில் படத்தைப் பார்க்கிறது. பிறகு சொல்லைப் படிக்கிறது. அச்சமின்றி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறது. வாழ்நாளெல்லாம் நாடற்றவராய் அலைந்த ஆசிரியர் ஒருவர் அக்குழந்தைக்கு விட்டுச்சென்ற கொடை அது.