கூரை மேல் சூரியனைக் காத்த சிறுவன்

இரவு வானத்தைப் போட்டோ பிடிப்பது கடினமான வேலை. நட்சத்திரங்கள் புள்ளியாக விழாது. கோடாக இழுக்கும்; அல்லது பஞ்சு போலப் பரவும். அவற்றை ஊசிமுனை போலப் பதித்துப் புகழ் பெற்றவர் எட்வர்டு எமர்சன் பர்னார்டு.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் 1857-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அவர் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் பட்டினியோடு போராடி இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். பர்னார்டு பள்ளிக்கூடம் போனது இரண்டே மாதம்தான்!

தூங்காத பையன்

ஒன்பது வயது நிறையும் முன்பே ஒரு போட்டோ கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் சிறிய படத்தைப் பெரிதாக்கச் சூரிய ஒளி வேண்டும். அதற்காகக் கடையின் கூரை மேல் ஒரு பெரிய கருவி இருந்தது. சூரியன் நகர நகர, கருவியையும் மெல்லத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அசந்தால் படம் கெட்டுவிடும்.

முன்பு வேலைக்கு வந்த பையன்கள் வெயிலில் தூங்கிவிட்டார்கள். பர்னார்டு தூங்கவில்லை.

கண்ணீர்

வளர்ந்ததும், சம்பளத்தில் பெரும் பகுதியைக் கொடுத்து ஒரு தொலைநோக்கி வாங்கினார். 1877-ம் ஆண்டு ஒரு பெரிய விஞ்ஞானியைச் சந்தித்தார். கணிதம் தெரியாவிட்டால் தொலைநோக்கியால் பயனில்லை என்று அவர் சொல்லிவிட்டார். பர்னார்டு தனியே போய் அழுதார். ஆனால் விடவில்லை. கணிதம் படித்தார். இரவெல்லாம் விழித்து வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த 200 டாலர் பரிசு, வீடு கட்ட உதவியது.

மூன்று மணி நேரம்

1888-ம் ஆண்டு கலிபோர்னியாவில் உள்ள லிக் வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். ஆட்களைப் படம் எடுக்கும் பழைய லென்சு ஒன்று அங்கே கிடைத்தது. அதைக் கொண்டு வானத்தைப் படம் பிடித்தார்.

லென்சுக்கும் தகட்டுக்கும் உள்ள தூரம் மயிரிழை மாறினாலும் நட்சத்திரம் ஊதிவிடும். பல சோதனைப் படங்கள் எடுத்து, எதில் நட்சத்திரம் மிகச் சிறிதாக விழுகிறதோ, அந்தத் தூரத்தில் நிறுத்த வேண்டும். குளிர் ஏறினால் உலோகக் குழாய் சுருங்கும். மறுபடியும் சரி பார்க்க வேண்டும்.

அது மட்டும் போதாது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்வது போலத் தோன்றும். ஆகவே ஒரு நட்சத்திரத்தைக் குறி வைத்து, கருவியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1889-ம் ஆண்டு பால்வீதியைப் படம் பிடித்தபோது, மூன்று மணி நேரத்துக்கு மேல் கண்ணை எடுக்காமல் இருந்தார். சிறு வயதில் சூரியனைக் காத்தவர், இப்போது நட்சத்திரத்தைக் காத்தார்!

அந்தப் படங்களில் பால்வீதியின் நடுவே கறுப்பு இடங்கள் தெரிந்தன. அவை வெறும் ஓட்டைகள் அல்ல, பின்னால் உள்ள ஒளியை மறைக்கும் தூசி மேகங்கள் என்பது பின்னர் விளங்கியது.

கடைசி வேலை

1892-ம் ஆண்டு வியாழனின் ஐந்தாவது சந்திரனைக் கண்டார். வானத்தில் மிக வேகமாக இடம் மாறும் நட்சத்திரம் ஒன்றை 1916-ல் கண்டார். அது இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பால்வீதிப் படங்களைப் புத்தகமாக்க விரும்பினார். அச்சில் கூர்மை போய்விடும் என்று அஞ்சி, உண்மையான போட்டோக்களையே ஒட்டச் செய்தார். மொத்தம் 35,700 படங்கள். ஒவ்வொன்றையும் தாமே பார்த்துச் சரி சொன்னார்.

புத்தகம் 1927-ம் ஆண்டு வெளிவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1923-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி காலமாகிவிட்டார்.