வீரசேனாசாரியாரும் இருபத்தொன்பது இடத்து எண்ணும்

தரசேனாசாரியாரிடம் சித்தாந்தம் கேட்ட முனிவர் இருவருள், புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும் பூதபலி தமிழ் நாட்டிற்கும் எழுந்தருளினர் என்பது வழிவழிச் செய்தி. அவ்விருவரும் அருளிய ஷட்கண்டாகமத்திற்குத் ‘தவளா’ என்னும் பேருரையை வகுத்தவர் ஸ்ரீ வீரசேனாசாரியார்.

சந்திரசேனரின் மாணவர் ஆரியநந்தி. ஆரியநந்தியின் மாணவர் வீரசேனர். சித்திரகூடபுரத்தில் ஏலாசாரியாரை அடுத்துச் சித்தாந்தம் பயின்றார். பின்னர் வாடகிராமத்து ஜினாலயத்தில் தங்கி உரை எழுதத் தொடங்கினார். இராஷ்டிரகூடர் ஆண்ட காலம் அது. பிராகிருதமும் சமஸ்கிருதமும் விரவிய நடையில் 72,000 கிரந்த அளவினதாகிய தவளா, கி.பி. 816-இல் நிறைவுற்றது என்பர் ஆராய்ச்சியாளர்.

அவ்வுரையின் ஒரு பகுதி உயிர்களின் தொகையைப் பற்றியது. பரியாப்தி நிறைந்த மனிதர் எத்தனை பேர்? கோடியை மும்முறை வைத்துப் பெருக்கிய தொகைக்கு மேல், நான்முறை வைத்துப் பெருக்கிய தொகைக்குக் கீழ் என்பது சூத்திரம் வகுத்த எல்லை. ஆறாம் வர்க்கத்திற்கு மேல், ஏழாம் வர்க்கத்திற்குக் கீழ் என்பதும் அதே சூத்திரத்தில் உண்டு. வர்க்க வரிசை இரண்டில் தொடங்கும். இரண்டின் வர்க்கம் 4; அதன் வர்க்கம் 16; பின் 256; பின் 65,536. ஐந்தாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. ஆறாவது இருபது இடம் கொண்டது. ஐந்தாவதையும் ஆறாவதையும் பெருக்கினால் வருவது மரபு போற்றி வந்த அந்த எண்:

79228162514264337593543950336

இதனை ஓலையில் எழுதிப் பெருக்கும்போது ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் தொகை முழுதும் கெடும். வீரசேனர் கையில் இருந்த கருவி அர்த்தச்சேதம். ஓர் எண்ணை ஒன்று எஞ்சும் வரை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதே அது. எட்டுக்கு அர்த்தச்சேதம் மூன்று. ஓர் எண்ணை வர்க்கமாக்கினால் அதன் அர்த்தச்சேதம் இரட்டிக்கும். இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்கள் கூடும். ஐந்தாம் வர்க்கத்திற்கு 32, ஆறாம் வர்க்கத்திற்கு 64. ஆகவே மேற்கண்ட எண்ணுக்கு 96. இருபத்தொன்பது இலக்கங்களின் உண்மை ஒரு சிறு கூட்டலில் அடங்கிவிடுகிறது. ஆறாம் வர்க்கம் ஐந்தாவதன் வர்க்கமே ஆதலால், இவ்வெண் ஐந்தாம் வர்க்கத்தின் கனமும் ஆகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கோடியை நான்முறை வைத்துப் பெருக்கினாலும் இருபத்தொன்பது இடமே வரும். இடம் ஒன்றாயினும் மரபின் எண் அதனினும் ஏறக்குறைய எட்டு மடங்கு பெரிது. இடங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. வீரசேனர் இடத்தோடு நிற்கவில்லை. 45 லட்சம் யோசனை விட்டமுடைய மனித க்ஷேத்திரத்தின் பரப்பைக் கணித்து, மிகையான தொகை கூறிய கருத்தை, அத்தனை பேர் அப்பரப்பில் அடங்கார் என்று மறுத்தார். ஆசாரியர் சிலர் கூறினர் என்பதாலேயே ஓர் எண்ணை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. சூத்திரத்தோடும் கணக்கோடும் பொருந்துகிறதா என்றே நோக்கினார்.

வர்க்கித சம்வர்க்கிதம் இதனினும் பெரிய எண்களைத் தரும். இரண்டை இரண்டு முறை வைத்துப் பெருக்க 4. நான்கை நான்கு முறை வைத்துப் பெருக்க 256. அதை 256 முறை வைத்துப் பெருக்கினால் 617 இடம் கொண்ட எண். அதன் அர்த்தச்சேதமோ 2,048 மட்டுமே.

தவளாவை முடித்தபின் கஷாய பாகுடத்திற்கு ‘ஜயதவளா’ உரையைத் தொடங்கி, 20,000 கிரந்தம் எழுதிய நிலையில் ஆசாரியார் மறைந்தார். மாணவர் ஜினசேனர் மேலும் 40,000 கிரந்தம் எழுதி, கி.பி. 837-இல் அதனை நிறைவேற்றினார். இருபத்தொன்பது இடத்து எண்ணை நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி தம் கோம்மடசாரத்தில் எழுத்துகளால் குறித்து வைத்தார்.

தவளாவின் ஓலைகள் மூடபித்ரி பசதியில் நெடுங்காலம் பூசைப் பொருளாக மட்டுமே இருந்தன. 1939-இல் ஹீராலால் ஜைன் முதல் தொகுதியை அச்சேற்றினார். நான்காம் தொகுதியில் கணித அறிஞர் அவதேஷ் நாராயண் சிங் எழுதிய கட்டுரையால் அர்த்தச்சேதம் கணிதவியலார் பார்வைக்கு வந்தது.